உதடு தெரிகிற வெளிச்சம்

அண்ணி,

வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வெள்ளைத் தக்கையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை கூடமெங்கும் பரவியது. மகன் அதைச் சுவரில் மாட்டி இயக்கினான். படம் கண்ணைக் கூச வைத்தது. செய்தி வாசித்த பெண் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, துடைக்காமலே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தாள்.

"கடையில பாத்த மாதிரியே இருக்குல்லம்மா? அப்படியே விட்டுடுங்க லா," என்றான்.

நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டேன். முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகு வெளிச்சத்தைக் குறைத்து, அவள் கூந்தலின் கறுப்புக்குள் இழைகள் தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். நிறத்தைக் கடைசியில்தான் தொட்டேன். முகம் முகமாக வந்தது. இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே அண்ணி. நீங்களும் நானும் தடவித் தடவிக் கண்டுபிடித்ததுதானே.

மலாக்காவை அடுத்த பெம்பானில் நாம் இருந்த தகரக்கூரை வீடு நினைவிருக்கும். அண்ணனுக்குக் கோலாலம்பூரில் அச்சக வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, தெரிந்தவர் லாரியில் நான்கு கால் வைத்த மரப்பெட்டி ஒன்றையும் ஏற்றி வந்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"காது கேக்காத பொண்ணுக்கு எதுக்குடா பேசற பெட்டி?"

"ரேடியோதாம்மா அவளுக்கு ஆகாது. இதுல ஆளு தெரியும்ல," என்றார் அண்ணன்.

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோது வந்த காய்ச்சல் உங்கள் காதைக் கொண்டுபோயிருந்தது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரே நின்று பேசினால் ஒரு சொல்லும் உங்களுக்குத் தப்பாது. முதுகைத் திருப்பிக்கொண்டால் நாங்கள் இல்லாத மாதிரிதான். அண்ணன் ஏரியல் கம்பத்தை நட்டார். படத்தைச் சரிசெய்ய நேரமில்லாமல் ஞாயிறு பஸ் பிடித்துப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் தலைநகரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. நாடு முழுக்க அவசரகாலம் என்று வானொலி சொன்னது. ஊரடங்கு வந்தது. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸும் இல்லை, தகவலும் இல்லை. அம்மா வானொலியோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவர் முகத்தையே பார்த்திருப்பீர்கள். "என்ன சொல்றாங்க அத்தே?" என்று கேட்டால், "ஒன்னுமில்லம்மா, நீ சாப்பிடு," என்பார்.

ஒருநாள் நீங்கள் தட்டைத் தள்ளி வைத்தீர்கள். உங்கள் குரல் எப்போதுமே கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். அன்று வீடே அதிர்ந்தது.

"ரேடியோவக் கேட்டுட்டு எல்லாரும் மூஞ்சி வெளுத்துப் போறீங்க. எனக்கு மட்டும் ஒன்னுமில்லையா? அங்க இருக்கறது என் வீட்டுக்காரரு. எனக்குக் காதுதான் இல்ல. கண்ணு இருக்கு."

நேராகப் போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தீர்கள். "பாப்பா, வா. இத எப்படியாச்சும் சரி பண்ணுவோம்."

நமக்கு என்ன தெரியும்? கூடவே வந்த ஆங்கிலக் கையேட்டை நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். மாலையில் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு வட்டமும் கோடுகளும், சாம்பல் நிறக் கட்டங்களுமாக ஓர் அசையாப் படம் காட்டுவார்கள். அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும் என்றது கையேடு. நம் பெட்டியில் அந்தப் படம் நிற்காமல் மேலே ஓடியது. பின்பக்கத் திருகு ஒன்றைத் திருப்பினால் நிற்குமாம். நான் பின்னால் போய்த் திருப்பினேன். "நின்னுச்சா?" என்று கத்தினேன். என் முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்ததால் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. நீங்கள் ஏதோ சொல்ல, நான் ஏதோ திருக, படம் இன்னும் வேகமாக ஓடியது.

நீங்கள் எழுந்து போய் அலமாரியிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றி வந்தீர்கள். அதைப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, "தள்ளு. நானே திருப்பறேன். எனக்கு எப்படித் தெரியணும்னு எனக்குத்தான் தெரியும்," என்றீர்கள். பின்னால் குனிந்து, கண்ணாடிக்குள் திரையைப் பார்த்தபடியே திருகினீர்கள். ஓட்டம் மெல்ல அடங்கிப் படம் நின்றபோது நாம் இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் நிழல்போல இன்னொரு கோடு இருந்தது. ஏரியலைத் திருப்ப வேண்டும். அடுத்த வீட்டுச் சீனக் கிழவர் தன் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர், நாம் கம்பத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டி வந்தார். அந்த நாள்களில் வேலி தாண்டி வர எல்லாருமே தயங்கினார்கள். அவர் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்தார். நீங்கள் திரை முன்னால், நான் வாசலில், அவர் வெளியே. உங்கள் கைச்சாடையை நான் வாங்கி அவருக்குக் காட்டினேன். "சுக்குப்? சுக்குப்?" என்று, போதுமா என மலாயில் கேட்டுக்கொண்டே அணு அணுவாகத் திருப்பினார். நிழல் கோட்டோடு ஒன்றியதும் நீங்கள் இரண்டு கையையும் உயர்த்தினீர்கள். ஊரடங்கு நேரத்துக்கு முன் அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று தமிழ்ச் செய்தி வந்தது. வாசித்தவரின் முகம் வெள்ளை வெளேரென்று ஒரு தட்டுபோல் இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். நல்ல படம் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்து, எல்லாத் திருகுகளையும் நாம் முழுக்கக் கூட்டி வைத்திருந்தோம். உங்கள் கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் அந்த அசையாப் படத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தீர்கள். சாம்பல் கட்டங்களில் வெளிறியவை எல்லாம் ஒன்றாகக் கலந்திருப்பதை நீங்கள்தான் கவனித்தீர்கள். வெளிச்சத்தைக் குறைத்ததும் அவை தனித்தனியாகப் பிரிந்தன. இன்னும் குறைத்தால் கறுப்புக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டன. "வெள்ளைய ஏத்தினா உதடு அழிஞ்சி போவுது, பாப்பா. எறக்கினா மூஞ்சியே இருட்டாயிடுது. நடுவுல ஒரு எடம் இருக்கு," என்றீர்கள். திரையில் வாசல் வெயில் விழாதபடி கதவைச் சாத்தச் சொன்னீர்கள்.

செய்தி தொடங்கியது. வாசித்தவர் அடிக்கடி தாளைப் பார்த்துக் குனிந்தார். "குனியாம வாசியேன்யா!" என்று திரையைத் திட்டினீர்கள். நிமிரும்போதெல்லாம் அவர் உதட்டை விடாமல் பிடித்தீர்கள். திடீரென்று வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையின் இரைச்சலில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அம்மா ஒலியைக் கூட்டிப் பார்த்தார், பயனில்லை. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, முகம் தெரியும்படி உட்கார்ந்து கேட்டார்:

"என்னம்மா சொல்றான்?"

நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோலாலம்பூர்ல காலையில ஊரடங்கத் தளர்த்தறாங்களாம். சாமான் வாங்கிக்கலாமாம். இன்னும் சில எடத்துல பிரச்சன இருக்காம்... எடத்துப் பேரு புரியல." உடனே அம்மா பக்கம் திரும்பி, "அத்தே, அப்ப அவரு வெளிய வரலாம். தந்தி அடிப்பாரு," என்றீர்கள்.

நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னீர்கள். அம்மா உங்கள் தலையைத் தடவிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'ஒன்னுமில்லம்மா' என்ற பேச்சு எழவில்லை.

தந்தி வந்தது. சில வாரம் கழித்து அண்ணனே மெலிந்துபோய் வந்து சேர்ந்தார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்ன, படம் மங்கலா இருக்கு?" என்று திருகின்மேல் கை வைத்தார். நீங்கள் அந்தக் கையில் ஒன்று போட்டீர்கள். "தொடாதீங்க!" அவர் பயந்து கையை இழுத்துக்கொண்டதும் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது!

பல வருடம் கழித்து மலாக்காவில் ஒரு மருத்துவமனை. அறைக்கு வெளியே டாக்டர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். "முதுகக் காட்டிட்டுப் பேசறாரு. போய்க் கேட்டுட்டு வா. முழுசாச் சொல்லணும்," என்று என்னை அனுப்பினீர்கள். திரும்பி வந்து, ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உங்கள் எதிரே நின்றேன். மார்பில் இருந்தது புற்றுக்கட்டிதான், அறுவை செய்ய வேண்டும், அதற்குப் பிறகான மருந்து மிகவும் வருத்தும், பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி தரவில்லை என்று சொன்னேன்.

"நீயா எதுவும் சேத்தியா?"

"இல்ல அண்ணி."

"கொறச்சியா?"

"இல்ல."

"சரி. அப்ப ஆபரேஷன் எப்பன்னு கேளு."

மருந்து உங்களை வாட்டத்தான் செய்தது. முடி போயிற்று, மறுபடி முளைத்தது. பேத்தியின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, ஐயர் வாயைப் பார்த்தே மந்திரத்தில் எந்த இடம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். முதுமை வந்துதான் எங்களை விட்டுப் போனீர்கள்.

போன வாரம் அடுத்த வீட்டுப் பெண், தன் குழந்தையின் மருத்துவ அறிக்கையோடு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. பயந்துபோயிருந்தாள். அவளை உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, எதிரே உட்கார்ந்து, இருந்ததை இருந்தபடி சொன்னேன். மருந்து உண்டு, ஆனால் குணமாக நாளாகும் என்றேன். என் முகத்தையே பார்த்திருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மருந்த நாளைக்கே ஆரம்பிச்சிடலாம், ஆன்ட்டி," என்றாள்.