உங்கள் போனை நிரப்பியவள்

என் உயிரான என்னங்க,

இப்படித்தான் தொடங்க வருகிறது. பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டதே இல்லை, கடிதத்தில் மட்டும் எப்படிக் கூப்பிட? வழக்கம்போலப் பேசி அனுப்பாமல் இவள் ஏன் பேனாவை எடுத்தாள் என்று பார்க்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நாளை உங்கள் முதலாம் வருட நினைவுப் பூசை. முடிந்ததும் சொந்தபந்தமெல்லாம் வீட்டுக்கு வரும். உங்கள் தங்கச்சி பாக்கியம் அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், "எங்க அண்ணன் சத்தத்துலயே செபமால சொல்லப் போறோம்" என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சாயங்காலந்தோறும் நான் அப்படித்தானே சொல்லிவந்தேன்? நம் வீட்டில் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதியை நீங்கள் சொல்ல, பின்பாதியை நாங்கள் சொல்லுவோம். நீங்கள் போன பிறகும் அது நிற்கவில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உங்கள் போனை வைத்து, அதிலிருக்கும் உங்கள் குரல் பதிவைத் தட்டிவிடுவேன். நீங்கள் சொல்லுவீர்கள், நான் பதில் சொல்லுவேன்.

அந்தப் பதிவு எதற்காக வந்தது என்று நினைவிருக்கிறதா? மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியை நடத்துகிற தண்டல் நீங்கள். கடலில் நீங்கள் வைத்ததுதான் சட்டம். அங்கே செபமாலை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு உயிரை எடுப்பேன். வீட்டு வரவு செலவு பார்க்கிறவள் மோட்சத்துக் கணக்கையும் பார்க்க வந்துவிட்டாள் என்பீர்கள். கடைசிப் பயணத்தில், எனக்குச் சாட்சி காட்டவென்றே, நடுக்கடலில் அதைப் பதிந்து வைத்தீர்கள். சிக்னல் இல்லாததால் அனுப்பவில்லை. கரைக்கு வந்து மறந்தும் போனீர்கள். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு போனைத் துழாவி நானாகத்தான் கண்டெடுத்தேன்.

எஞ்சின் இரைச்சலுக்கு மேலே உங்கள் குரல். "ஏலே, சத்தமா பதில் சொல்லுங்கலே. எங்க வீட்டுக் கணக்குப்பிள்ள கேப்பா." செபமாலையின் ஐந்து இரகசியத்தில் நாலாவது முடிகிறபோது சமையல்காரர் கூப்பிடுவார், "தண்டல் அண்ணாச்சி, சோறு ஆறுதுலா." மாதாவைவிட உனக்குச் சோறு பெரிதா என்று நீங்கள் அதட்ட, எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் சொல்வதுபோல, "சரி, நிப்பாட்டுதேன். அஞ்சாவத அவ சொல்லிக்கிடுவா."

நான் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்தினேன். முன்பாதி சொல்ல ஆள் இல்லாமல் பின்பாதியை யாருக்குச் சொல்ல?

போன வாரம் பதிவைத் தட்டினேன். திறந்தது, உடனே மூடிக்கொண்டது. ஆப் நின்றுவிட்டது என்று ஒரு வரி. மறுபடி தட்டினால் மறுபடியும் அதே வரி. அப்புறம் போட்டோ திறக்கவில்லை. மெசேஜ் ஆப் திறந்து கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைந்துவருவதுபோல் இருந்ததுங்க. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சார்ஜரை மாற்றினேன். வெயிலில் சூடாகியிருக்குமோ என்று பானை மூடியின் மேல் வைத்து ஆறவிட்டேன். சிரிக்காதீர்கள்.

சென்னையிலிருந்து நம் மகள் ஸ்டெல்லா என் போனில் சொல்லச் சொல்ல, செட்டிங்ஸ் உள்ளே போனேன். அங்கே கேஷ் என்று ஒன்று, ஆப் சேர்த்துவைக்கிற குப்பையாம், அதை அழிக்கலாமாம். அதற்குப் பக்கத்திலேயே டேட்டா என்று இன்னொன்று. "அதத் தொட்டுராதீங்கம்மா, அப்பா சத்தம் போயிரும்" என்றாள். விரல் அகலத்தில் ஒன்று உயிர், ஒன்று சாவு. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அதே வரிதான் வந்தது.

போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி கேபிள் போட்டுப் பார்த்தார். அந்தப் பதிவு தன் ஆப்புக்குள்ளேயே பூட்டிக்கொண்டு கிடக்கிறதாம், ஆப் திறந்தால்தான் வெளியே எடுக்க முடியுமாம். ரீசெட் போட்டால் போன் புதிதுபோல ஓடும், உள்ளே இருப்பது ஒன்றும் மிஞ்சாது என்றார். என் முகம் எப்படிப் போயிற்றோ, போனைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"யக்கா, போனு மூச்சுமுட்ட நிறைஞ்சிருக்கு. எதையாவது அழிச்சா வழிக்கு வரும். ஆனா செத்தவரு பொருள்ல எது வேணும், எது வேண்டாம்னு நான் சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்து மாதா முன்னால் விழுந்தேன். காணாமல் போனதைத் தேடித்தர அந்தோணியார் இருக்கிறார். கைக்குள்ளே இருந்துகொண்டு எட்டாமல் போனதற்கு எந்தப் புனிதரிடம் போவது? பாக்கியம் வந்து பார்த்துவிட்டு, "மைனி, ஒரு வருசமா மெழுகுதிரிக்குப் பக்கத்துல வச்சு வேக வச்சா, அது என்ன செய்யும், பாவம்" என்றாள். சிரிப்பு மூட்டப் பார்த்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அவள் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இடமெல்லாம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்த்தேன். செட்டிங்ஸில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பட்டியல் காட்டுகிறது. உங்கள் போட்டோ கொஞ்சம்தான். அந்தப் பதிவு அதைவிடக் கொஞ்சம். மலையாக நின்றது மெசேஜ். பலமுறை மூடிக்கொண்ட பிறகு ஒருமுறை அது திறந்தது. யார் அனுப்பியது அதிகம் என்று பார்த்தால், முதல் பேர் 'கணக்குப்பிள்ளை'.

நான்தாங்க.

நீங்கள் கடலில் இருக்கிறபோது நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு காத்துக்கிடக்கும். தோணி மாலத்தீவு துறையைத் தொட்டதும் மொத்தத்துக்கும் இரண்டு டிக் விழும். ஆள் கரை சேர்ந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கம் உங்கள் அடக்கத்துக்குப் பிறகும் விடவில்லை. உங்கள் போனை அணையவிடாமல் வைத்து, என் போனிலிருந்து தினமும் பேசியும் படம் பிடித்தும் அனுப்பினேன். பூசை வீடியோ, பிரசங்கம், வாங்கிய சீலா மீன், ஸ்டெல்லாவுக்கு வந்த சம்பந்தம், என் மூட்டுவலி எல்லாம். இரண்டு டிக் விழும். எங்கேயோ கரை சேர்ந்திருக்கிறார் என்று தூங்கப்போவேன்.

அந்த இரண்டு டிக்தான் உங்கள் குரலின் கழுத்தை நெரித்திருக்கிறது.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அழிங்கம்மா, ஒங்க போன்ல எல்லாம் இருக்கும்லா" என்றாள். அவளுக்கு எப்படி விளங்கவைக்க? என்னிடம் இருப்பது நான் அனுப்பியது. உங்களிடம் இருந்ததுதான் வந்து சேர்ந்தது. என் பேச்சு ஒவ்வொன்றின் ஓரத்திலும் இன்னும் கேட்கவில்லை என்று காட்டுகிற புள்ளி அப்படியே இருந்தது. கேட்க யார் இருந்தார்கள்? தெரிந்தேதானே அனுப்பினேன்?

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். நீக்கவா என்று கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டு நீக்கினேன். பதிவு ஆப்பைத் தட்டினால், பழையபடி மூடிக்கொண்டது. அந்த நேரம் நான் நானாக இல்லை. உங்களையும் தொலைத்து, உங்களிடம் பேசியதையும் தொலைத்தேனே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஒருக்கா அணைச்சுப் போடுங்கம்மா" என்று என் போனில் மகள் கத்திக்கொண்டே இருந்தாள். அணைத்துப் போட்டேன்.

எஞ்சின் இரைந்தது. "ஏலே, சத்தமா பதில் சொல்லுங்கலே."

அது மூடுவதற்குள் ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். அந்தப் பக்கமும் எஞ்சின் இரைவது எனக்குக் கேட்டது. பிறகு, "வந்துட்டும்மா. அப்பா பேசுதாங்க" என்றாள்.

இனி அந்தப் போனுக்கு ஒன்றும் அனுப்ப மாட்டேன். அதில் உங்கள் மூச்சுக்கு இடம் இருக்கட்டும். சொல்லவேண்டியதை இப்படி எழுதுகிறேன். சேர்ந்ததா இல்லையா என்று டிக் பார்க்க மாட்டேன். அதற்கும் விசுவாசம்தானே வேண்டும்?

நாளை நாலு இரகசியத்தை நீங்கள் சொல்லுங்கள். சோறு ஆறுகிறது என்று சமையல்காரர் கூப்பிடட்டும், சனம் சிரிக்கட்டும். நீங்கள் நிறுத்திய பிறகு, ஐந்தாவதன் முன்பாதியை நான் தொடங்குகிறேன். சத்தமாகச் சொல்லுகிறேன். பின்பாதி உங்களுடையது.

உங்கள் வீட்டுக்காரி,
உங்கள் கணக்குப்பிள்ளை,
மரிய புஷ்பம்