வேலு முப்பத்தொரு முட்டை இட்டது

என் கண்ணான தம்பி குமரனுக்கு,

வேலு முட்டையிட்ட காலையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், உன் மாமா, விழுப்புரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த நந்தினி. செல்போன் வீடியோவில் அஸ்லாம். வேறு யாரும் இல்லை. வேலுதான் முட்டையிட்டது. ஆண் என்று நினைத்துப் பெயர் வைத்து ஐந்து வருஷம் நீ வளர்த்த உன் இகுவானா, பெண். உனக்கே தெரியாமல் போனதே என்று சிரித்துக்கொண்டோம்.

நீ போன மூன்றாம் நாள் விழுப்புரத்தில் உன் அறையைக் காலி செய்தோம். வேலுவைக் கூடையில் வைத்துத் துணி மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவு பெரிய ஓணானைக் கண்டு உன் மாமா நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "யாருக்கனா குடுத்துடு, செல்வி" என்றார். உயிரோடு நீ விட்டுப் போனது இது ஒன்றுதான், குடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்த நாளிலிருந்து அது சாப்பிடவில்லை. முருங்கைக்கீரை, பரங்கிக்காய், செம்பருத்திப் பூ, எதையும் தொடவில்லை. மூலையில் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. உனக்காகத் துக்கம் காக்கிறது என்று நினைத்தேன், குமரா. பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் சாப்பிடும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு உனக்குப் படைத்த இலையிலிருந்து வாழைப்பழமும் கீரையும் எடுத்து, அதன் நெற்றியில் விபூதி இட்டு, முன்னால் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. காரியமும் ஆயிற்று, இனி எதற்காகக் காத்திருப்பது?

உன் செல்போனைத் திறந்தேன். இகுவானா, பாம்பு, ஆமை வளர்க்கிறவர்களின் குழுவில் உனக்கு ஏகப்பட்ட செய்தி வந்து கிடந்தது. "மச்சி, ஆளையே காணோம், எங்க போயிட்ட?" என்று ஒருவர். நீ இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உன் செல்லிலிருந்தே அதை எழுத எனக்குக் கை வரவில்லை. முகம் தெரியாத ஒரு வீட்டுப் பெண்பிள்ளை கேட்டால் பதில் சொல்வார்களோ என்றும் இருந்தது. அதனால் நீ எழுதுகிற மாதிரியே எழுதினேன்: "வேலு சாப்ட மாட்டேங்குது மச்சி."

ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். என்ன கொடுத்தாய், வெயிலில் விட்டாயா, மலம் எப்படி இருக்கிறது, எடை எவ்வளவு என்று கேள்வி மேல் கேள்வி. எடை என்னிடம் இருந்தது. எதையும் எழுதி வைக்காமல் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். தினம் காலையில் காய்கறிப் பையில் வைத்துத் தராசில் மாட்டி எழுதிய நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டேன்.

பிறகு ஒருவர் எழுதினார்: "டேய், நீ எப்பருந்துடா பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கு எழுத ஆரம்பிச்ச?" இன்னொருவர், "இது குமரன் கையெழுத்தே இல்ல. அவன் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். யாருங்க நீங்க?"

நான் குமரனுடைய அக்கா, அவன் போய்ப் பதினாறு நாள் ஆகிறது, உங்களை ஏமாற்றியதற்கு மன்னியுங்கள் என்று எழுதினேன். உடனே போன் அடித்தது.

"அக்கா, நான் அஸ்லாம், இந்தக் குரூப்ப பாத்துக்கிறவன். அவன் போனது எங்களுக்குத் தெரியாதுக்கா." பிறகு, "அத அப்புறம் பேசலாம். நோட்டுல பாருங்க, ரெண்டு வாரமா பட்டினி கெடக்குது, எடை குறையலையே. தரைய வேற பிறாண்டுதுன்னு எழுதியிருக்கீங்க. வயித்துல மெதுவா கை வெச்சிப் பாருங்க" என்றார்.

வைத்தேன். திராட்சைக் கொத்து மாதிரி உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது.

"முட்டைக்கா. ஆண் இல்லாமலே வரும், ஆனா பொரியாது. வெளிய வராம தங்கிப்போனா உயிருக்கு ஆபத்து. நாளைக்கே டாக்டருகிட்ட காட்டிடுங்க."

குழுவில் இருக்கும் நந்தினி விழுப்புரத்தில் துணிக்கடையில் வேலை செய்கிற பெண். முன்பின் பார்த்ததில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு வந்து, பாண்டிச்சேரியில் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டரிடம் எங்களை அழைத்துப் போனாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தோண்ட இடம் கிடைத்தால் தானாக இடும், ஒரு வாரம் பார்ப்போம் என்றார். எவ்வளவு ஈரம், எவ்வளவு ஆழம் என்று குழுவில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார்கள். உன் மாமாவே பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்கப்போட்டு மணலை நிரப்பினார். "எந்த வேலைக்குப் போனாலும் மண்ணு சுமக்கிறது என் தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே சலித்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் காலை வேலு உள்ளே போய் மண்ணை வாரி வெளியே எறிந்தது. நான் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஸ்லாம் வீடியோவில், "சொல்லுங்கக்கா, நிறுத்தாதீங்க, அதுக்கும் தைரியமா இருக்கும்" என்றார். முப்பத்தொரு முட்டை. மறுநாள் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைத் தின்றது. இப்போது தேறிவிட்டது.

இதைக் குழுவிலும் போடப்போகிறேன், அவர்களும் படிக்கட்டும். அஸ்லாம் ஒன்று கேட்டிருக்கிறார். "குரூப்புல அவன் பேரு அப்படியே இருக்கட்டுமாக்கா, உங்க பேருக்கு மாத்தணுமா?" உன் பெயரில் நான் பேசினால் புதிதாக வருகிறவர்கள் என்னை அண்ணா என்கிறார்கள். அது பொய்யாகாதா? எடுத்துவிட்டால், உன்னை மச்சி என்று கூப்பிட அவர்களுக்கு வேறு எந்த இடம் இருக்கிறது?

மயிலத்தில் முருகனிடம் பூ வைத்துக் கேட்கலாம்தான். ஆனால் பெயர் உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும்.

எந்தப் பெயரில் இருந்தாலும், சாப்பிடாத பிராணியை வைத்துக்கொண்டு யாராவது அங்கே வந்து கேட்டால் நான் பதில் சொல்லாமல் இருக்க மாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அஸ்லாமிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கனவில் வந்தாலும் சரி, சீக்கிரம் பதில் சொல்லு.

உன் கூடப் பிறந்த அக்கா,
செல்வி
திண்டிவனம்