அமைதித் தொட்டி

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் முழங்கால் அளவு தண்ணீர். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்திக்கொண்டே வந்தான். முன்னால் போக இடம் இருந்தால்தானே. வெள்ளவத்தை போய்ச் சேர ஒன்பதே முக்கால். சப்பாத்து முழுக்க ஈரம்.

ஆனாலும் நல்ல நாள். அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர் முதலாவது, எங்கள் தலைவர் டொக்டரின் பெயர் அதற்குக் கீழே! இந்த ஆய்வுகூடத்தில் பதினொரு வருடம். இதுவரை கடைசிப் பக்க நன்றியில்தான் நான். அக்காவுக்கு உடனே போன்.

"அடியே, உண்மையாவா? சனிக்கிழமை கேக் அடிச்சுக்கொண்டு வாறன்."

ஹெந்தளைப் பக்கம் கடலுக்குள் ஒரு கம்பெனி தூண் அடிக்கப்போகிறது; ஆய்வுக்குக் காசும் அவர்களுடையதுதான். அந்தச் சத்தம் கடலில் மிதக்கிற பொடி உயிர்களை என்ன செய்யும் என்பதுதான் ஆய்வு. குறுணியிலும் சின்னது ஒவ்வொன்றும். ஒரு தொட்டிக்குள் தூண் அடிக்கிற சத்தத்தைப் போட்டோம் (சத்தத் தொட்டி, ச.தொ.). மற்றது சும்மா, அமைதித் தொட்டி (அ.தொ.). இரண்டிலும் ஒரே அளவு தின்றன. ஆகவே பாதிப்பில்லை. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து வைத்ததும் அறிக்கை அரசாங்கத்துக்குப் போகும்.

ஜூன் 18, புதன்

வாங்க: பனடோல், சீனி, குடை (கம்பி முறிந்தது).

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஏசி, பிரிட்ஜ், காற்றுப் பம்ப் எல்லாம் நின்றன. ஒரு மணி நேரம் விசிறிக்கொண்டு இருந்தேன். கரண்ட் வந்ததும் வேறு வேலை இல்லாமல் அ.தொ.விலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

எல்லாவற்றின் வயிற்றிலும் பச்சைக் கோடு. பாசி தின்றால்தான் அந்தக் கோடு வரும். மார்ச்சிலிருந்து ஒரு நாளும் இப்படிக் கண்டதில்லை. பாதிக்கு மேல் வெறும் வயிறுதான். "தொட்டிக்குள்ள குறைவாத்தான் சாப்பிடும்" என்று டொக்டர் சொன்னார். நானும் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

கரண்ட் இல்லாத நேரம் பார்த்தா பசி வந்தது?

பம்ப். அது அ.தொ. மேசைக்குக் கீழே இருக்கிறது. அங்கே வைத்தது யார்? நான். என் மேசைக்குப் பக்கத்தில் இரைந்து தலையிடி தருகிறது என்று, ஆய்வு தொடங்கிய கிழமை நானே தூக்கிக்கொண்டு போய் அந்த மேசைக் காலோடு ஒட்டி வைத்தேன். மேலே ஒரு துணியும் போட்டேன். என் காதுக்குக் கேட்கவில்லை. அதனால் சத்தமில்லை என்று எழுதினேன். முட்டாள்.

ஜூன் 19, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் சோதித்தேன். பம்பை நிறுத்தினால் பச்சைக் கோடு. போட்டால் வெறும் வயிறு. மூன்று தரம். பம்பை நிறுத்திவிட்டு ச.தொ.வில் தூண் சத்தம் மட்டும் போட்டேன். அங்கேயும் வெறும் வயிறு.

இரண்டு தொட்டியிலும் பட்டினி. அதைத்தான் "வித்தியாசமில்லை" என்று எழுதியிருக்கிறேன். சூடை மீன் இதுகளைத் தின்றுதான் வளர்கிறது. மட்டக்குளியில் அத்தானின் போட் அந்தச் சூடையை நம்பித்தான்.

நாளைக்கு டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஜூலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் அவர் கையில்தான்.

ஜூன் 20, வெள்ளி

சொன்னேன். "டொக்டர், பிழை என்னுடையது. பம்பை நான்தான் அங்க வச்சனான்."

ரீ குடித்துக்கொண்டிருந்தார். "ஓம், தெரியும். கையெழுத்தை வையுங்கோ ஸ்டெல்லா."

"தெரியுமா? எப்ப இருந்து?"

போன் வந்தது, வெளியே போய்விட்டார். தண்ணீருக்குள் வைக்கிற மைக்கின் பதிவுகள் எல்லாம் பொதுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். தேடினேன். அ.தொ.வில் அவரே எடுத்த ஒரு பதிவு. நான் பம்பை நகர்த்திய அதே கிழமை. அவர் வைத்த பெயர்: "ஸ்டெல்லாவின் பம்ப்." காதில் மாட்டிக் கேட்டேன். லொறி ஒன்று நின்று உறுமுவது மாதிரி. இரண்டு நிமிடம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

"யாரும் கேள்வி கேட்டா நான் உங்களைக் குறை சொல்ல மாட்டன். முதல் பேர் உங்கட. விளக்கத்தையும் நீங்கள்தானே குடுக்கப்போறீங்கள்."

அதற்குத்தான் முதலாவது பெயர். பதினொரு வருடக் கூலி. "திங்கட்கிழமை வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது. ஆத்திரம்தான், வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

அக்கா கேக்கோடு வந்தாள், அத்தானும். கேக்கின் மேல் ஐசிங்கில் என் பெயர்.

"எங்கடி அந்தப் புத்தகம்?" என்றாள் அக்கா. "இவர் பார்க்க வேணுமாம்."

அத்தான் சிரித்தார். "எனக்கு இங்கிலிஷ் ஓடாது பிள்ளை. உன்ர பேரை மட்டும் காட்டு, அது போதும்."

அறிக்கை என் பையில்தான் இருந்தது. ஒஃபிஸில் விட்டுவிட்டேன் என்றேன். இரண்டு துண்டு கேக் தின்றேன்.

அவர்கள் போனதும் உட்கார்ந்தேன். அறிக்கை போய்ச் சேருகிற அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம். அந்தப் பதிவு பென்டிரைவில் இருக்கிறது, வியாழக்கிழமைக் கணக்கும் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்தேன்.

கடைசியில் வந்த முதல் வரி: பம்பை அங்கே வைத்தவள் நான்.

என் பெயர்தானே முதலாவது. முதலில் நானே சொல்கிறேன்.