கையில் கொடுத்த கூலி

என் பிரியமுள்ள தம்பி பாலா,

உன் லோரி போய்விட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. சுங்கை பெசாரிலிருந்து ஒருவர் வந்து விலை கொடுத்து ஓட்டிப் போனார். அந்தப் பணம் அப்படியே உன் வருமான வரிக்குப் போனது. மீனா வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. உன் மகள் உன்னைவிட நெஞ்சுரம் உள்ளவள்.

இறந்தவனுக்கு ஏது வரி என்று கேட்பாய். இங்கே எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நீ இருந்தவரை சம்பாதித்ததற்கு வரி உண்டு தம்பி. நீ விட்டுப் போன சொத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். மிச்சம்தான் பிள்ளைக்கு.

செம்பனைக் குலை வெட்டும் குத்தகைக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த பணமெல்லாம் உனக்கு வங்கி வழியாக வந்தது. அது ஒரு காசு விடாமல் தெரிகிறது. நீ ஆட்களுக்குக் கொடுத்த கூலியோ மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கடை மேசையில் கைமாறியது. அது எங்குமே தெரியவில்லை. ஆக, வந்தது முழுவதும் உன் லாபம் என்று ஆகிவிட்டது. காகிதத்தில் நீ பணக்காரனாகத்தான் செத்திருக்கிறாய்.

தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து, அடுத்தவர் சம்பளக் கணக்கை எழுதியே கண் மங்கியவன் நான். உனக்குச் சொல்லாமலா இருந்தேன்? தொழிலுக்குத் தனிக் கணக்கு திற. கூலியை வங்கியில் போடு. முடியாவிட்டால் கையெழுத்தாவது வாங்கு, அந்தத் தாள்களை ஏழு வருஷம் பத்திரமாக வை. என் குரல் எப்போதும் மெல்லியது. நீ சிரிப்பாய்.

"அண்ணே, இவனுங்க என் ஆளுங்க. கையெழுத்து கேட்டா நம்பலன்னு நினைச்சுக்குவானுங்க லா."

டீசல் ரசீதுகளை மட்டும் உன் லோரியிலிருந்து நானே பொறுக்கி வைத்திருந்தேன். செலவு என்று ஏற்கப்பட்டவை அவை மட்டும்தான்.

வரி அலுவலகத்துப் பெண் அதிகாரி பொறுமையானவர். அவர் மேல் எனக்குக் குறையில்லை. வேலை செய்தவர்கள் தங்கள் பெயர், அடையாளக் கார்டு எண், வாங்கிய கூலி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் பார்க்கலாம் என்றார். வரிக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க முப்பது நாள்தான். உனக்கு எழுதும் இதை வேறு யாராவது படித்து, அவர்களுக்கும் அப்படிக் கடிதம் வந்தால், தயவுசெய்து அலமாரியில் வைத்துவிட வேண்டாம்.

நான் வைக்கவில்லை. மறுநாளே முருகன் வீட்டுக்குப் போனேன். உன் ஆட்களை மேற்பார்த்த மண்டோர் முருகன், உன் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன். மற்ற ஆட்களையும் வரச் சொல்லியிருந்தேன். நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். தாளை நீட்டினேன்.

"கிராணி ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றான் முருகன். "இதுல ஐசி நம்பர் போட்டா, நாங்க இவ்ளோ சம்பாதிச்சோம்னு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் உதவிப் பணம் வராது."

வருமானம் குறைவு என்று எழுதிக் கொடுத்துத்தான் எல்லாரும் அரசாங்க உதவித்தொகை வாங்கி வந்திருக்கிறார்கள். எனக்கு அன்றுதான் தெரிந்தது. உனக்குத் தெரியுமா?

"லோரி போயிரும் முருகா," என்றேன்.

"அதுக்கு நாங்க என்னா ஐயா செய்ய? அண்ணன் உசுரோட இருந்திருந்தா, இப்படித் தாளத் தூக்கிக்கிட்டு வந்திருப்பாரா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "கிராணிக்கு இன்னும் பேரு எழுதுற ஆச போகல," என்றாள். சிரித்தார்கள். உன் கருமக்கிரியைக்கு அழுத அதே முகங்கள்.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். குடிக்காமலே எழுந்து வந்திருக்க வேண்டுமோ? வேறு யாராவது போயிருந்தால் கையெழுத்து வாங்கியிருப்பார்களோ? இன்றுவரை யோசிக்கிறேன்.

லோரி போன மறுவாரம் முருகன் வேலை கேட்டு வந்தான். குத்தகையை மீனா எடுத்திருக்கிறாள். லோரி வாடகைக்கு, லாபம் சொற்பம். கணக்குக்கு நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

"கூலி பேங்குலதான் போடுவேன் மாமா. சேமநிதியும் கட்டுவேன்," என்று அவனிடம் சொன்னாள்.

"என்னாம்மா நீ, அப்பா மாதிரி கையிலேயே குடுத்துரு."

"கையில குடுத்துதான் மாமா அப்பா லோரி போச்சு."

முருகன் என்னைப் பார்த்தான். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வேறெங்கும் வேலை இல்லை. வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் கேட்பதற்கு முன்பே அடையாளக் கார்டை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தான். நான் தவறாக அடித்துவிடுவேனோ என்று பயந்து இன்னொரு தடவையும் படித்தான்.

அந்த எண்ணுக்காகத்தானே தம்பி, அன்று அவன் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன்?

மீனாவின் கணக்கை என் கண் தெரியும்வரை மாதாமாதம் நானே சரிபார்ப்பேன். கூலி பிந்தாது. ஒரு தாளும் தொலையாது. முருகனுக்குச் சேர வேண்டியதும் சரியாகப் போய்ச் சேரும். இவ்வளவுக்கும் உனக்கு வாக்குத் தருகிறேன். அவனை மன்னித்துவிடுவேன் என்பதற்கு மட்டும் என்னால் வாக்குத் தர முடியவில்லை.

உன்னோடு பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
உன் அண்ணன்,
கோலா சிலாங்கூர்.