மரக்குதிரையின் அளவு

அன்புள்ள அண்ணா,

உலகத் தமிழர்களுக்கு ஆழ்ந்த துயருடன் அறிவிப்பது: நம் சேணக் கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் மரக்குதிரையின் இடது காது நேற்று விழுந்துவிட்டது. ஈமக்கிரியை இல்லை. பசை தடவியாயிற்று.

அப்பா அஜின்கோர்ட்டில் இருபத்தாறு வருடம் நடத்திய கடை. "தோல் தைக்கிற கடையிலை நான் நிக்கமாட்டன்" என்று நீ ஒஷாவாவுக்குப் போய் ஒன்பது மாதம். உன்னை யார் தேடினார்கள்? குதிரையேற்றப் பள்ளி கேட்ட சேணத்தை நானே தனியாகத் தைத்தேன். தையலை அப்பாவே இரண்டுதரம் விரலால் தடவிப் பார்த்தார்.

சேணம் போன கிழமை திரும்பி வந்தது. குதிரைக்கு முதுகெல்லாம் புண்ணாம்.

"அளவெடுத்தது நான்தான், பிழை என்ர" என்று அப்பா பள்ளிக்காரியிடம் சொன்னார். நமக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய வாடிக்கை அவர்கள்தான். மாதக் கடைசியில் கடையைப் பூட்டுகிறார். "கொண்ணனுக்குச் சொல்லாதை" என்றார். சொல்லிவிட்டேன்.

லாயத்துக்குப் போய் அளவெடுப்பது உன் வேலையாக இருந்தது. நானும் போனேன், அண்ணா. குதிரை மூக்கால் ஒருதரம் ஊதியது, ஓடி வந்துவிட்டேன். பிறகு நம் மரக்குதிரையில் அளவெடுத்தேன். அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

காதும் தானாக விழவில்லை. நான்தான் குத்தினேன்.

இப்படிக்கு,
உன் தம்பி