மெழுகில் தோய்த்த கோப்பைகள்

மச்சாள்,

நேற்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் பேத்திக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்று முடித்த காகிதக் கோப்பையை என்னையறியாமல் நகத்தால் சுரண்டினேன். வெள்ளை மெழுகு நகக்கண்ணில் ஏறியது. வீடு வந்து சேரும்வரை உங்கள் நினைவுதான்.

மலாயாவில் கணவரைச் சயரோகத்துக்குக் கொடுத்துவிட்டு அச்சுவேலியில் என்னை மணந்த தம்பியின் வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்தீர்கள். அவர் வேலை பார்த்த கந்தோரில் எல்லாரும் ஒரே பேணியில் தண்ணீர் குடித்ததுதான் அவரைக் கொன்றது என்பது உங்கள் நம்பிக்கை. ஒருவர் குடித்ததில் இன்னொருவர் குடிக்கக்கூடாது என்றே கோப்பை செய்யத் தொடங்கினீர்கள். தடித்த காகிதத்தை மர அச்சில் சுற்றி, மாப்பசையால் ஒட்டி, உருக்கிய மெழுகில் தோய்த்துக் கவிழ்த்து வைப்போம். முதல் கோப்பையில் சுடச்சுடத் தேநீர் ஊற்றினேன். மெழுகு உருகி மேலே மிதந்தது. “மெழுகுத் தேத்தண்ணி! குடிச்சுப்பார் பிள்ளை” என்று சிரித்தீர்கள். அன்றோடு பச்சைத் தண்ணீருக்கும் மோருக்கும் மட்டும் என்று முடிவானது.

தேர்த் திருவிழாவுக்குத் தொண்டைமானாற்று வீதியில் தண்ணீர்ப் பந்தல் போட்டவர் கோப்பை கேட்டு வந்தார். ஆசையோடு கொடுத்தோம். திருவிழா அன்று பார்க்கப் போனால், எங்கள் ஆட்களுக்கு மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம், மூக்குப்பேணி. சாதி சொல்லிக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களுக்கு மட்டும் உங்கள் கோப்பை.

நீங்கள் நேரே கயிற்றுக்கு அப்பால் போய் நின்றீர்கள்.

“ஐயோ அக்கா, இஞ்சாலை வாங்கோ. பேணியிலை தாறன்” என்றார் பந்தல்காரர்.

“எனக்கும் உந்தக் கோப்பையிலைதான் வேணும்.”

குடித்தீர்கள். பக்கத்தில் குழந்தையோடு நின்ற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “போன வருஷம் கையிலைதான் ஊத்தினவை, நாச்சியார். இதைக் கழுவி வைச்சிருக்கலாமோ?”

எறிவதற்கென்று செய்த கோப்பை. உங்கள் கையிலிருந்ததை எறியாமல் வீடுவரை கொண்டுவந்தீர்கள்.

அடுத்த வருடம் பந்தல்காரர் மறுபடியும் வந்தார். “எல்லாருக்கும் குடுக்கிறதெண்டால் கொண்டுபோங்கோ. இல்லையெண்டால் இல்லை” என்றீர்கள். அவர் வெறுங்கையோடு போனார்.

“மச்சாள், அந்தச் சனத்துக்குத் திரும்பவும் கையிலையெல்லோ ஊத்துவினம்?” என்று கேட்டேன்.

நீங்கள் மெழுகைக் கிளறிக்கொண்டே இருந்தீர்கள். நான் பயந்தபடியேதான் நடந்தது. அந்தப் பெண் கை ஏந்திக் குடித்ததை இருவரும் பார்த்தோம். அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

அதற்கடுத்த திருவிழாவுக்கு நம் வீட்டு வாசல் படலையிலேயே தண்ணீர்க் குடங்களை வைத்தீர்கள். யார் வந்தாலும் காகிதக் கோப்பைதான்.

“ஊர் என்ன கதைக்கும்?” என்று உங்கள் தம்பி கொதித்தார்.

“தண்ணியைக் குடிச்சிட்டுக் கதைக்கட்டும்.”

சொந்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மத்தியானம் அந்தப் பெண் பிள்ளைகளோடு வந்தாள். அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தம்பி புகையிலைத் தோட்டத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவரிடமும் ஒரு கோப்பையை நீட்டினீர்கள். அவளைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். அதைக் கண்ட பிறகு ஒன்றிரண்டு பேர் நின்றார்கள். நிற்காமல் போனவர்களே அதிகம்.

நீங்கள் படுக்கையில் விழுந்த காலத்தில் ஒருநாள் கேட்டேன், அந்த இடைப்பட்ட வருடம் கொடுத்திருக்கலாமோ என்று.

“குடுத்திருந்தால் அவள் கோப்பையிலை குடிச்சிருப்பாள், பிள்ளை. அதை நான் மறக்கேல்லை. ஆனால் திரும்பக் கேட்டாலும் குடுக்கமாட்டன்.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். அதில் எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. நியாயம் என்று நினைத்து ஒன்றை மறுக்க நேரும்போதெல்லாம், அதனால் வாடப் போவது யார் என்று முதலில் அந்த முகத்தைத் தேடுகிறேன். பார்த்த பிறகும், சில வேளைகளில், மறுக்கிறேன்.