சாப்பாட்டு வேளைக் கச்சேரி

நவம்பர் 4, செவ்வாய்

அரக்கோணம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் சாம்ராஜ்யத்தை ஆண்டுவரும் சிங்காரமாகிய நான், இன்று ஒரு யானையை மாடி ஏற்றினேன். யானை என்றால் டபுள் பாஸ். வயலினுக்குக் கொள்ளுத்தாத்தா, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். அக்கா மகள் சுசித்ரா அதைச் சென்னையிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு, அதாவது என் பாவாவுக்கு, உடம்பு சரியில்லை. வைத்தியத்துக்காகப் பள்ளிப்பட்டிலிருந்து அக்காவோடு என் வீட்டு மாடிக்கு வந்திருக்கிறார்.

மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியில் ஏற்றினோம். பூக்கூடைக்காரம்மா, "இன்னாய்யா, பீரோவா?" என்றாள். "வயலின்தாம்மா. எங்க வூட்டு சாப்பாடு, இப்டி வளந்துடிச்சி" என்றேன். அரக்கோணம் வரைக்கும் அதையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

14ஆம் தேதி சென்னையில் சாப்பாட்டு வேளைக் கச்சேரி. ஆபீஸ்காரர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு வந்து கேட்பார்களாம். இவள் பாஸ், தோழி அனுசுயா பியானோ. மும்பை இசைக்குழுவிலிருந்து ஒருவர் கேட்க வருகிறார். பிடித்துப்போனால் வேலை.

நவம்பர் 8, சனி

பாவாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆயுசெல்லாம் ஓட்டின விசைத்தறியின் பஞ்சு முழுக்க நெஞ்சில் குடியிருக்கிறது. டாக்டர் கையை விரிக்கிறார். போன மாதமும் விரித்தார், அதற்கு முந்தின மாதமும் விரித்தார். பாவா முறைத்த முறைப்பில் எமன் எருமையை அப்படியே விட்டுவிட்டு, திருப்பதி பஸ் பிடித்து ஓடினான் என்று வார்டெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நர்ஸ்கூடச் சிரித்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

கச்சேரி வேண்டாம் என்கிறாள் சுசித்ரா. பாவா ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கி, "போய் வாசிம்மா. நான் எங்க பூடப்போறேன்?" என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கூட வா மாமா. நைனாவுக்கு ஏதாவதுன்னா உடனே சொல்லிடணும். உன் கதையெல்லாம் வேணாம்."

"ஆங்" என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேடைக்குப் போகத் தயாரானபோதே சுசித்ரா தன் போனை என்னிடம் கொடுத்திருந்தாள். அக்கா கூப்பிட்டாள். "டேய், மூச்சு இழுத்துகினு இருக்குதுடா. பாலை வெச்சிகினு நிக்கிறேன். ஒரே பொண்ணு, அவ கையால ஒரு சொட்டு விட வேணாமா? கூட்டிகினு வாடா."

சுசித்ரா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். "அம்மாவா? நைனா எப்படி இருக்காரு?"

"உங்க நைனாவா? இட்லிக்குக் காரச் சட்னிதான் வேணும்னு நர்சோட சண்டையாம். ஆஸ்பத்திரியே ஆடுதாம்!"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனாள்.

ஏன் சொன்னேன்? ஒரு மணி நேரம்தானே என்றா? இரண்டு தடவை ஓடின எமன் மூன்றாம் தடவையும் ஓடிவிடுவான் என்றா? நான் விட்ட கதையை ஊர் நம்பவில்லை — நானே நம்பிவிட்டேனா?

பியானோ மேலே தூறிக்கொண்டிருக்க, பாஸ் தரைக்குள்ளிருந்து எழும்பியது. என் செருப்பு வழியாக முழங்கால் வரை ஏறியது. சட்டைப் பையில் போனும் அதிர்ந்தது. எடுக்கவில்லை.

கைதட்டல் அடங்கிய பிறகு சொன்னேன். அனுசுயா கார் பிடித்துக் கொடுத்தாள். திருவாலங்காடு தாண்டும்போது அக்கா கூப்பிட்டாள். பேச்சில்லை, அழுகைதான்.

சுசித்ரா போனை வாங்கி, முதல் அழைப்பு எப்போது வந்ததென்று பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 15, சனி

அக்காவே பால் விட்டாளாம். இறங்கவில்லை, கடைவாயில் வழிந்துவிட்டதாம்.

மேடையேறும் முன்பே கிளம்பியிருந்தால் — போய்ச் சேர்ந்திருப்போம்.

நவம்பர் 29, சனி

காரியம் முடிந்தது. பந்தியில் பங்காளி சடகோபன், "இன்னா சிங்காரம், சும்மா குந்திகினு கீற? அந்த எமன் கதைய எடுத்து வுடேன்" என்றான். எதிர் வரிசையில் சுசித்ரா. சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டேன்.

டிசம்பர் 3, புதன்

கடையில் இருந்தபோது அனுசுயா கூப்பிட்டாள். "அங்கிள், சுசி போனே எடுக்கல. மும்பைல அவள எடுத்துட்டாங்க!"

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மாடியில் அவளும் அக்காவும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். "சுசி, மும்பைல உன்ன எடுத்துட்டாங்களாம். அனுசுயா சொன்னா" என்றேன். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

என்னைப் பார்த்தாள். "அனுசுயாவையே சொல்லச் சொல்லு."

அனுசுயாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "ஆங்... ஆங்... சரிடி" என்று கேட்டுக்கொண்டு, போனை என் கையில் தராமல் கட்டில்மேல் வைத்தாள். மறுபடி துணியை எடுத்து மடித்தாள். பிறகு அக்காவிடம், "மும்பைக்கு எந்த ட்ரெயின்மா போவுது?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.